ரிட்டர்ன்காரனுக்கு ஓர் இடம்

ஆர்விஸின் டயர் கடையில் ரேடியோவை அணைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பேச ஆரம்பிக்கும், ஷட்டரை இறக்கும் வரை பேசிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஃபுட்பால் பேச்சுதான், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அந்த ஆகஸ்ட் மாதம் முழுக்க அதில் ஒரே சண்டை ஓடிக்கொண்டிருந்தது. கார்னெல் பிக்கெட்டுக்கு லேக்மென் அணியில் இடம் கொடுக்கலாமா, கூடாதா என்று.

கார்னெல் வேறு யாருமில்லை, ஆர்விஸின் தங்கை ட்ரினாவின் புருஷன். எதிரணிக்காரன் வானத்தில் உதைத்து அனுப்பும் பந்தைத் தரையில் விழாமல் பிடிப்பது, முடிந்தால் அதை அணைத்துக்கொண்டு எதிர்த்து ஓடுவது, இதுதான் அவன் வேலை. ரிட்டர்ன்காரன் என்பார்கள். ஓர் ஆட்டத்தில் அவன் களத்தில் நிற்கிற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு முட்டை வேகாது. மற்ற நேரம் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பான். அணியில் ஐம்பத்து மூன்று பேருக்குத்தான் இடம். அதில் ஒன்றை இப்படிப்பட்டவனுக்குத் தூக்கிக் கொடுப்பதா என்று ஊர் கேட்டது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு மனுஷன் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறான் என்பது ரேடியோவுக்குப் போன் போட்டுப் பேசிய ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

"அவன் எங்கய்யா ஓடறான்? கையைத்தான் தூக்கறான்," என்றான் ஒருத்தன். "கையைத் தூக்கிட்டா அவனை யாரும் தொடக்கூடாது, பந்தைப் பிடிச்ச இடத்துலயே ஆட்டம் நின்னுரும். பயந்தாங்கொள்ளிக்குன்னே எழுதி வச்ச சட்டம். டிராபிக் போலீசு வேலைக்குப் போகச் சொல்லு அவனை."

இதற்குப் பதில் சொல்ல மேப்பிள் தெரு மார்வின் என்று ஒருத்தர் தினமும் போன் போடுவார். கார்னெல் கை வழுக்கிப் பார்த்ததில்லை என்பார், ஊர்க்காரனை ஊரே கைவிட்டால் எப்படி என்பார். மார்வின் என்பது ஆர்விஸ்தான். கடையின் பின்பக்கம், பழைய டயர் அடுக்குக்கு நடுவே நின்று குரலைக் கொஞ்சம் கனமாக்கிப் பேசுவான். கடைப் பையன்களுக்குத் தெரியும், ட்ரினாவுக்குத் தெரியும், கார்னெலுக்கும் தெரியும். மச்சானின் பாசம் அது, தடுக்க மனசு வரவில்லை.

கார்னெலுக்கு இருபத்தொன்பது வயது. இந்த விளையாட்டில் அது கிழவயசு. பிறந்தது டயர் கடைக்குப் பின்தெருவில். அப்பா பனிக்காலத்தில் ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். பள்ளிக்கூடத்தில் உயரம் பத்தாது என்று எல்லா இடத்திலிருந்தும் துரத்தி, யாரும் நிற்கப் பிரியப்படாத இடத்தில் இவனை நிறுத்தினார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், எதிரே ஒரு கூட்டமே உன் எலும்பை முறிக்க ஓடி வரும், நீ அவர்களைப் பார்க்கக்கூடாது, பந்தைத்தான் பார்க்க வேண்டும். புத்தியுள்ளவன் செய்வானா? இவன் செய்தான், அதுவும் ஆசையாகச் செய்தான். கல்லூரி முடிந்து எத்தனையோ அணிகள் கூப்பிட்டன, கூப்பிட்ட வேகத்திலேயே அனுப்பிவைத்தன. உருண்டு புரண்டு இரண்டு சீசன் தேறியிருந்தான்.

மூன்றாவது சீசன்தான் இப்போது எல்லாம். லீக்கில் மூன்று சீசன் கணக்கில் ஏறினால்தான் ஓய்வூதியம், ஆட்டத்தை விட்ட பிறகும் சில வருஷத்துக்கு மருத்துவக் காப்பீடு. இரண்டோடு நின்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். கார்னெலின் இடது முட்டி சாயங்காலமானால் வீங்கிப் பன்னாகிவிடும். அதை அறுத்துச் சரிசெய்யாவிட்டால் நாற்பது வயதில் கோல் ஊன்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ட்ரினா முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் நிற்கிறாள். அவள் சம்பளத்தில் அறுவையெல்லாம் கனவிலும் நடக்காது.

கடைசிப் பயிற்சி ஆட்டத்துக்கு முந்தின நாள், உதை ஆட்டத்துக்கான கோச் டோபின் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். மூக்கு இரண்டு தடவை உடைந்த மனுஷர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"உனக்காக ஹாலக்கிட்ட மல்லுக்கட்டிட்டு வர்றேன், பிக்கெட்," என்றார். ஹாலக்தான் தலைமைக் கோச். "உன்னை வச்சுக்கணும்னா, முன்வரிசையில முட்டி மோதற லைன்மேன் ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பணும்ங்கறார். பந்தைப் பிடிக்கறதை அந்தப் புதுப்பையன் மைக்காவே சேர்த்துப் பார்த்துக்குவானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க, கோச்?"

"எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு பேச்சுதான். பிக்கெட் தப்பு பண்ண மாட்டான். அவ்வளவுதான். மைக்கா உன்னைவிட வேகம், உன்னைவிடச் சம்பளம் குறைவு. ஆனா அவன் புத்தி ஆட்டத்துல நிக்காது. உன் புத்தி நிக்கும்."

"நாளைக்கு ஓடிக் காட்டட்டுமா?"

"வேண்டாம். பிடி, கையைத் தூக்கு, வந்து உட்காரு. குதிகாலை எங்க வைப்பே?"

"பத்து கஜக் கோட்டுல."

"தலைக்கு மேல போனா?"

"தொடமாட்டேன். விட்டுருவேன்."

இது அந்த வேலையின் அரிச்சுவடி. குதிகாலைத் தன் எல்லையிலிருந்து பத்தாவது கஜத்தில் இருக்கும் கோட்டில் ஊன்றிக்கொள்ள வேண்டும், பின்னால் ஒரு அடி நகரக்கூடாது. தலையைத் தாண்டிப் போகிற பந்து பெரும்பாலும் உருண்டு எல்லையைக் கடந்துவிடும். கடந்தால் இருபதாவது கஜத்தில் சௌகரியமாக வைத்து ஆடலாம். பின்வாங்கிப் போய்ப் பிடிக்கிறவன் சொந்த வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்வான். சின்னப் பிள்ளைகளுக்கே இதைத்தான் முதலில் சொல்லித்தருவார்கள்.

அன்றைக்கு மத்தியானம் வண்டிக்குக் காற்றுப் பிடிக்கக் கடைக்கு வந்தான். நேரம் கெட்ட நேரம். ரேடியோவில், டிராபிக் போலீசு என்று நையாண்டி செய்தவன் மறுபடி போன் போட்டிருந்தான். பிக்கெட்டுக்கு முட்டி போய்விட்டது, ஓடவே முடியாது, ஊர்க்காரன் என்று பிச்சை போடுகிறார்கள் என்றான். ஆர்விஸுக்குப் பொறுக்கவில்லை. கார்னெல் வந்து நிற்பதைக்கூடக் கவனிக்காமல் பின்பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் மார்வின் குரல் வந்தது.

"நாளைக்குப் பாருங்க. கையைத் தூக்க மாட்டான். ஓடுவான். ஓடலைன்னா, மார்வின் ஒரு அடிமுட்டாள்னு நானே போன் போட்டுச் சொல்றேன்."

கார்னெல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ராத்திரிச் சாப்பாட்டின்போது ட்ரினாவிடம் சொன்னான்.

"ரேடியோவுல பேசறவனா உன் முட்டியை அறுக்கப் போறான்?" என்றாள் அவள். "அண்ணனுக்கு வேற வேலை இல்லை. நீ அந்த மூக்கு உடைஞ்சவர் சொன்னதைச் செய். கையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வா."

"பிச்சைன்னு சொல்றான், ட்ரினா."

"சொல்லட்டுமே. பிச்சைன்னே வச்சுக்க. போட்டா வாங்கிக்குவோம்."

அவள் மாக்கரோனியை இன்னும் ஒரு கரண்டி அவன் தட்டில் வைத்தாள். அவன் சரி என்றான். மனசாரத்தான் சொன்னான்.

ஆட்டத்தில் மூன்று தடவை பந்து வந்தது. மூன்று தடவையும் கையைத் தூக்கினான், பிடித்தான், வந்து உட்கார்ந்தான். டோபின் அவன் முதுகில் தட்டினார். மூன்றாவது தடவை கூட்டத்தில் யாரோ டிராபிக் விசில் ஊதினான். அரங்கமே சிரித்தது. மேலே தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்விஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

நாலாவது பந்து உயரமாக வந்தது. குதிகால் கோட்டில்தான் இருந்தது. பந்து தலையைத் தாண்டப் போகிறது என்று மேலேறும்போதே தெரிந்துவிட்டது அவனுக்கு. விட்டிருக்க வேண்டும். ஐயோ, விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா. விசில் மறுபடி கேட்டது. ஒரு அடி பின்னால் வைத்தான். பிறகு இன்னும் சில அடி. எல்லைக்கு ஐந்து கஜத்தில் பந்து நெஞ்சில் வந்து விழுந்தது. கை மேலே போகவில்லை.

ஓடினான். முதல் ஆளை இடுப்பை ஒடித்து ஏமாற்றினான், இரண்டாவது ஆள் அவன் நிழலைத்தான் பிடித்தான். ஓரக்கோட்டைப் பிடித்ததும் எதிரே ஆளே இல்லை. முட்டி வலித்ததா என்று பிற்பாடு ட்ரினா கேட்டபோது, முட்டி என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை என்றான். மொத்த மைதானத்தையும் கடந்து அந்தக் கோடி எல்லையைத் தாண்டித்தான் நின்றான். அரங்கம் எழுந்து நின்றது. ஆர்விஸ் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

கார்னெல் திரும்பிப் பார்த்தபோது, வெகு தூரத்தில், தான் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில், புல்லில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. தப்பு நடந்தால் நடுவர் வீசுகிற கொடி. அவனுக்கு வழி செய்கிறேன் என்று அவன் அணியின் வேறொரு புதுப்பையன் எதிரணிக்காரனை முதுகில் தள்ளியிருந்தான். ஓட்டம் செல்லாது. பந்தைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சொந்த எல்லையை ஒட்டி வைத்தார்கள். பந்தை எடுத்த அடுத்த தடவையே லேக்மென் தங்கள் எல்லைக்குள்ளேயே மடக்கப்பட்டு எதிரணிக்குப் புள்ளி தாரை வார்த்தார்கள்.

டோபின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கொடி விழுந்ததுக்காக இல்லை, பிக்கெட். குதிகால். நீ தப்பு பண்ண மாட்டேன்னுதானே நான் சொல்லியிருந்தேன். இப்ப அந்த ரூமுக்குள்ள போய் நான் என்னன்னு பேசட்டும்?"

ஆட்களைக் கழிக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி எல்லா வீரர்களும் அணி விடுதியில் தங்க வேண்டும். காலையில் நடைக்கூடத்தில் ஒருத்தர் வருவார். வீரர்கள் அவருக்கு எமதூதன் என்று பெயர் வைத்திருந்தார்கள். நிஜத்தில் வெண்டல் என்ற சாதுவான ஆபீஸ் மனுஷர், கையில் காப்பி டம்ளரோடு வருவார். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்பார்கள். கார்னெல் படுக்கையைச் சுருட்டி, பையைக் கட்டி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"கோச் பார்க்கணும்ங்கறார்," என்றார் வெண்டல். "ஆட்டத் திட்டம் இருக்கற டேப்லெட்டையும் எடுத்துட்டு வந்துருங்க."

"இந்தாங்க. சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்."

வேறு அணி கூப்பிடும் என்று கொஞ்ச நாள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினான். ஒருத்தனும் கூப்பிடவில்லை. மச்சான் கடையில் சக்கரம் கழற்ற ஆரம்பித்தான். குனிந்து செய்கிற வேலை, முட்டிக்கு ஆகாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தான்.

சீசன் தொடங்கி சில ஆட்டங்களில் மைக்கா இரண்டு பந்தைக் கை நழுவவிட்டான், இரண்டாவதில் ஆட்டமே போயிற்று. ஊர் பொங்கியது. அந்த டிராபிக் போலீசு நையாண்டிக்காரன்கூட ரேடியோவில் வந்து, பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருத்தன் வேண்டும்தான் என்று ஒப்புக்கொண்டான். ஆர்விஸ் கார்னெலை ஸ்டூலிலிருந்து எழுப்பி, "இனிமே சக்கரத்தைத் தொடாதே மாப்ள. போனைக் கையில வச்சுக்க," என்றான். கார்னெல் அன்றைக்கு ஷேவ் செய்துகொண்டு வந்திருந்தான்.

சாயங்காலம் செய்தி வந்தது. லேக்மென் ஒரு லைன்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு ரிட்டர்ன்காரனை எடுத்திருக்கிறார்கள். டெக்சஸ் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயசு.

கடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆர்விஸ் கோபத்தில் பின்பக்கம் போய் நம்பரைப் போட்டுவிட்டான். இணைப்பும் கிடைத்துவிட்டது. ரேடியோக்காரன் குஷியாக இருந்தான்.

"மேப்பிள் தெரு மார்வின்! ஆகஸ்ட் முழுக்க நீங்க ஒருத்தர்தான் கத்தினீங்க, ரிட்டர்ன்காரனுக்குன்னு ஒரு இடம் வேணும்னு. கடைசியில கொடுத்துட்டாங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க. சந்தோஷம்தானே?"

ஆர்விஸ் போனைக் காதிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மார்வின்? இருக்கீங்களா?"

கார்னெல் நொண்டிக்கொண்டு வந்து போனை அவன் கையிலிருந்து வாங்கினான்.

"இருக்கேன்," என்றான். "சந்தோஷம்தான்."

போனை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஓர் அம்மாள் பின்சக்கரம் இரண்டையும் மாற்றித் தரச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்தாள்.