பாலத்தில் நின்றவள்

எனெய்தா பெரால்டா டோமினிக்கன் நாட்டின் எல்லையோர ஊர்க்காரி. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், விதவை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அக்கரை ஹைட்டி. அங்கே காலரா பரவிய வருஷம், அக்கரை மாதா கோயில் வளாகத்தில் சிகிச்சைக் கூடாரம் போட்டார்கள். சம்பளமில்லாமல் வேலை செய்ய யார் வருவீர்கள் என்று சாமியார் பூசையில் கேட்டபோது எழுந்து நின்றது அவள் மட்டும்தான்.

"உனக்கென்னக்கா தலையெழுத்து? அங்க போய் நோயை வாங்கிட்டு வரப் போறியா?" என்று தங்கை சண்டை பிடித்தாள்.

"பாவம்டி, அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அப்பாவின் கரும்புக் காட்டில் வெட்ட வந்த ஹைட்டிக்காரர்களைத் தவிர அந்த ஜனங்களை அவள் அறிந்ததில்லை. தூங்காவிட்டால் ஹைட்டிக்காரன் தூக்கிப் போய்விடுவான் என்று மிரட்டி வளர்க்கப்பட்டவள்.

கூடாரத்தில் அவளுக்குத் துணை ஜிஸ்லேன் என்ற ஹைட்டி நர்ஸ். எனெய்தா தட்டுத் தடுமாறி ஹைட்டிக்காரர்களின் கிரியோல் மொழி பேசினால் நோயாளிகள் வலியை மறந்து சிரிப்பார்கள். "மிஸ், நீங்க இப்ப என்னைப் பூசணிக்காய்னு சொன்னீங்க" என்றாள் ஒரு மீன்காரி. எனெய்தாவும் சிரித்தாள். ஆனால் யாராவது தாமதமாக வந்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது.

ஒரு சந்தை நாள் மத்தியானம் ரோஸ்மேன் என்ற பெண் தன் மகன் வாத்சனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. டிரிப்ஸ் ஏற்ற நரம்பு அகப்படவில்லை. எனெய்தா கைகாலெல்லாம் தேடித் தேடிக் குத்தினாள்.

"காலையிலயே தூக்கிட்டு வர்றதுக்கென்ன? மந்திரிக்கிறவன் வாசல்ல உக்காந்துட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் இங்க வருவீங்க. பெத்தவதானே நீ?"

ரோஸ்மேன் குழந்தையின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் குழந்தை போய்விட்டது.

சில வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். இடுப்பில் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை. பேதி தொடங்கியதுமே கொண்டுவந்துவிட்டதால் குழந்தை உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தது. எனெய்தாவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் வாய் நழுவியது.

"பாத்தியா? அன்னைக்கும் இப்படி உடனே வந்திருந்தா..."

"அன்னைக்கும் உடனேதான் கெளம்பினேன் மிஸ்." ரோஸ்மேன் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கூடாரம் இருக்கறது எனக்குத் தெரியாது. உங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு விடியறப்பவே பாலத்துக்குப் போனேன். காலரா புள்ளைன்னு காவல்காரங்க விடல. வெயில் ஏறுற வரைக்கும் கெஞ்சிட்டு நின்னேன். அப்புறம் யாரோ சொல்லித்தான் இங்க ஓடி வந்தேன்."

ஜிஸ்லேன் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். ரோஸ்மேன் தொடர்ந்தாள்.

"நீங்க அந்த வழியாத்தான் வந்தீங்க. நர்ஸ் உடுப்பைப் பாத்துட்டு 'மிஸ், மிஸ்'னு கூப்பிட்டேன். பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வேகமாப் போயிட்டீங்க."

எனெய்தாவுக்கு ஞாபகம் இருந்தது. சந்தை நாட்களில் பாலத்தில் கும்பல் நெரியும். யாரோ கூப்பிட்டார்கள். பிச்சைக்காரி, இல்லாவிட்டால் பை பறிக்கிறவள் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"அன்னைக்கே ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள் எனெய்தா.

"எம் புள்ள உங்க கையில இருந்தான் மிஸ். எப்படிச் சொல்லுவேன்?"

எனெய்தா மன்னிப்புக் கேட்டாள். கிரியோலில் அதற்கான சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது, தப்பில்லாமலும் சொன்னாள். ரோஸ்மேன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து எனெய்தா பாலத்தை அவசரமாகக் கடந்ததில்லை. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு தாயிடமும் நின்று விசாரிப்பாள். காவல்காரர்கள் கேலி செய்தார்கள். "அத்தை, உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்களேன்." அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் குழந்தைகளைக் கூடாரத்துக்கு அழைத்து வந்தாள். பல பேர் பிழைத்தார்கள். காலரா அடங்கி, கூடாரம் ஓட்டுக் கட்டடமான பிறகும் அவள் போவதை நிறுத்தவில்லை.

ரோஸ்மேன் அடுத்த பிரசவத்துக்கு அங்கேதான் வந்தாள். வலி எடுத்த நேரத்தில் ஜிஸ்லேனை அருகே இழுத்து ஏதோ சொன்னாள். ஜிஸ்லேன் வெளியே வந்து தயங்கி நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க உள்ள வர வேண்டாம்னு..."

"சரிம்மா. நீ போய்ப் பாரு. வெந்நீர் நான் வெக்கிறேன்."

பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டபோது எனெய்தா அடுப்படியில் நின்றிருந்தாள். தண்ணீரை வாசல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.