துளசியின் கார் ஏன் கொதித்தது

துளசிக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால்தான் இன்ஜின் வெந்து போனது என்று பக்கத்து வீட்டுக் காளியம்மா சொல்கிறாளே, அந்தக் காளியம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஈப்போவில், குனோங் ராபாட்டில் அந்த வரிசை வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். துளசி ஓட்டி ஒரு பூனைக்குட்டிக்குக்கூட அடிபட்டதில்லை. எதிரே ஈ காக்கை இல்லாத சந்திலும் சிக்னல் போட்டுத்தான் திரும்புவாள். அவள் வீட்டை விட்டுப் போனது உண்மை. அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போமென் சவரிநாதனோடு அவளைச் சேர்த்துப் பேசுகிறார்களே, அந்த வாய்களைக் கழுவ வேண்டும். சவரிநாதன் பட்டறையில் கார் பழுது பார்க்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைப் பை பிடிப்பவன். முதுகுவலிக்காரன். ஒரு தடவை காருக்கு அடியில் குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும். அவன் யாரைக் கூட்டிக்கொண்டு ஓடப் போகிறான்?

நடந்தது வேறு. அதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் மென்று பேச ருசியாக அதில் எதுவும் இல்லை.

துளசி பீடோர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது அவள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. விருந்துச் சமையல் எடுத்துச் செய்யும் ஜெனட்டிடம் தட்டுக் கழுவச் சேர்ந்தாள். தட்டிலிருந்து காய்கறி, காய்கறியிலிருந்து அடுப்பு என்று நகர்ந்து, கல்யாண வீட்டு அண்டாவுக்கு உப்பைக் கண்ணால் பார்த்தே போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். வண்டி உரிமம் எடுத்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். மேட்டில் காரை நிறுத்தி எடுக்கும் சோதனையில் முதல் தடவை பின்னால் உருண்டாள். மறு தடவை, போதும் கிளம்பு என்று அதிகாரியே கெஞ்சுகிற வரைக்கும் அங்கேயே ஆடாமல் அசையாமல் நிறுத்திக் காட்டினாள். அப்படிப்பட்ட பிடிவாதம்.

புருஷன் தனேஸ்வரனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அதுதான் சங்கடமே. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், ஓடு விற்கும் கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வருவான். அவன் அப்பா, பத்துமலை என்று பெயர், தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அந்த ஒரு காரணத்தால் உலகத்தில் ஓடுகிற எந்த இன்ஜினைப் பற்றியும் தனக்குத் தெரியும் என்று தனேஸ்வரன் நம்பினான். துளசி வாங்கிய பழைய நீலக் காருக்கு அவனே பொறுப்பு. கழுவுவது, காற்றுப் பார்ப்பது, மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பது எல்லாம் அவன்தான். அவளை முன்மூடியைத் தொடவே விடமாட்டான். நல்ல புருஷன் என்று தெருவே சொன்னது. துளசியும் சொன்னாள்.

இப்படி இருக்கும்போது ஜெனட்டுக்கு, காரில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய லூமுட்டில், படகுத்துறைப் பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடை அமைந்தது.

“லூமுட் கடைய நீதான் பாத்துக்கணும், துளசி” என்றாள் ஜெனட். “ஆனா மொத ஃபெரிக்கு முன்னால அடுப்பு எரியணும். காலையில பஸ்ஸ நம்பி ஆகாது. சொந்தக் கார்ல வாரியா?”

“வாரேன்க்கா” என்றாள் துளசி. இத்தனை வருஷம் அடுத்தவர் அடுப்படியில் நின்றவளுக்கு ஒரு கடையே கைக்கு வருகிறது. வராமல் என்ன செய்வாள்?

கடையைப் பார்க்கப் போன முதல் பயணத்திலேயே கார் போத்தாவுக்குப் பக்கத்தில் கொதித்து நின்றது. முன்மூடிக்குள்ளிருந்து புகை மாதிரி ஆவி. சவரிநாதன் பார்த்தான். தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்திருந்தது. மாற்றினான், இன்ஜினைக் குளிர்விக்கிற பச்சை நிறக் கூலண்டை ஊற்றினான், போ தங்கச்சி என்றான். கார் வீட்டுக்கு வந்தது. சில நாளில் மறுபடி கொதித்தது. இந்த முறை தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்குத் தகுந்தபடி தண்ணீரைத் திறந்துவிடுகிற சின்னக் கதவு, சிக்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு சேறு.

“துரு, தங்கச்சி” என்றான் சவரிநாதன். “பழைய இன்ஜின். வயித்துக்குள்ள இருக்கிறதக் கக்குது.”

கதவை மாற்றி, உள்ளே எல்லாம் அலசிவிட்டான். மறுபடி கொதித்தது. ரேடியேட்டரையே புதிதாகப் போட்டான். விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தான், சுற்றியது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. கம்பார் வரை தானே ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான். சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. நிம்மதியாகச் சாவியைக் கொடுத்தான். லூமுட் கடை திறந்து துளசி வேலைக்குப் போக ஆரம்பித்த வாரமே கார் ஆயர் தாவாரில் படுத்துக்கொண்டது.

முதல் தடவை தாமதமாக வந்தபோது ஜெனட் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை சொன்னாள். “நீ சமைச்சா எனக்குக் கவலையே இல்ல. ஆனா நீ வந்து சேரணும்லா. வர்ற திங்கக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா, சித்தியவான்ல ஒரு ஆளப் பாத்து வெச்சிருக்கேன். எனக்கு வேற வழி இல்ல.”

இதற்கிடையே தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். காளியம்மா கண்ணேறு என்றாள். பூசணிக்காய் உடைத்தார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். அப்படியும் கொதிக்கவே, காளியம்மா கட்சி மாறினாள்.

“காருல ஒண்ணும் இல்லப்பா. பொம்பள ஓட்டுறா. போட்டு மிதிச்சா சூடாகாம என்ன செய்யும்?”

தனேஸ்வரன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தலையாட்டினான். “நானும் அதத்தாங்க்கா சொல்றேன். மெதுவா போ, மெதுவா போன்னு. கேட்டாத்தானே.”

துளசி துணி காயப்போட்டுக்கொண்டே இதைக் கேட்டாள். ஒருவேளை உண்மைதானோ என்றுகூட நினைத்தாள். மறுநாள் எண்பதைத் தாண்டாமல், பின்னால் வந்த லோரிக்காரன் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டும்படி ஊர்ந்து போனாள். கார் அப்போதும் கொதித்தது. சாலையோரத்தில் நின்றபோது ஆவியில் ரசம் கொதிக்கிற மாதிரி ஒரு வாசம் வந்தது. சமையல்காரிக்கு எதை மோந்தாலும் ரசம்தான் என்று தன் கையையே மோந்து பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. சவரிநாதனிடம் போய், “அண்ணே, அலசிட்டு கார் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும். தினம் ஒரு தடவ பத்து காஜா டவுன் வரைக்கும் ஓட்டிப் பாருங்க” என்றாள். அந்த நாள்களில் மட்டும், புதுக் கடைக்குச் சாமான் ஏற்றிப் போன ஜெனட்டின் வேனில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். கார் ஒரு நாள்கூடக் கொதிக்கவில்லை.

“அதிசயமா இருக்கு, தங்கச்சி” என்றான் சவரிநாதன். “இங்க இருந்தா நல்லா இருக்கு. உன் வீட்டுக்கு வந்தாத்தான் காய்ச்சல் வருது.”

துளசி பழைய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தாள். பட்டறை மூலையில் அவளுடைய பழைய ரேடியேட்டர் கிடந்தது. அதன் வாயைத் துடைத்தாள். செம்பழுப்புக் கறை. வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டாள். கறை இரத்தம் மாதிரி சிவந்தது. துணியை வெயிலில் போட்டாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் கறையைக் காணவில்லை.

துரு வெயிலில் போகாது. அது துணி கிழிகிற வரைக்கும் கூடவே இருக்கும். சோப்புப் பட்டால் சிவப்பதும் வெயில் பட்டால் வெளுப்பதும் எது என்று, சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சோப்பில் இருக்கிற காரம் கூலண்டிலும் இருந்திருக்கிறது. அதுதான் துரு மாதிரி வேஷம் கட்டியிருக்கிறது. துளசி சமையல்கட்டுக்குப் போய் மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தாள். போன வாரம் நிரப்பியது. அடி தெரிந்தது.

சாயங்காலம் தனேஸ்வரன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“கார்ல மஞ்சத்தூள் போட்டீங்களா?”

அவன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. “ஆமா. ரேடியேட்டர்ல. ஏன்?”

“எப்பயிருந்து?”

“மொத தடவ குழாய் வெடிச்சதுலயிருந்து, ஒவ்வொரு தடவையும்தான். அவன் ரிப்பேர் பண்ணிக் குடுத்ததும் ரெண்டு கரண்டி போட்டுருவேன். அப்பா முறைலா அது.”

பிறகு அந்தக் கதையைச் சொன்னான். துளசி கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிற கதைதான். ரப்பர் பால் ஏற்றிய லோரியின் ரேடியேட்டர் வழியில் ஓட்டையாகிவிட்டது. அப்பா பக்கத்து லயத்து வீடு ஒன்றில் ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் வாங்கி உள்ளே கொட்டினார். தூள் போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது. பால் கெட்டுப்போகாமல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்து மானேஜர் பத்துமலைக்குக் கை கொடுத்தார். முதலில் சொன்னபோது கைதான் கொடுத்தார். வருஷம் போகப் போகக் கட்டிப்பிடித்தார். இந்தத் தடவை அவர் கண்கூடக் கலங்கியது.

துளசி முழுக்கக் கேட்டாள். “மாமா லோரியில ஓட்ட இருந்துச்சு. நம்ம கார்ல ஓட்ட எங்க இருக்கு?”

“இல்ல.”

“பிறகு ஏன் போட்டீங்க?”

“ஓட்ட வராம இருக்கத்தான்.”

இதற்கு மேல் என்ன கேட்பது? ஓட்டை கிடைக்காத மஞ்சள், கிடைத்த இடத்தில் எல்லாம் போய் அடைத்துக்கொண்டது. கதவை அடைத்தது, புது ரேடியேட்டரையும் அடைத்தது. பழுது பார்க்கப் பார்க்க அவன் பயம் கூடியது. பயம் கூடக் கூடக் கரண்டி பெரிதானது.

சவரிநாதனிடம் சொன்னபோது அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, தண்ணீர் தெளிகிற வரை அலசினான். காரை எடுக்க வந்த தனேஸ்வரனைப் பார்த்து, “மச்சான், அடுத்த தடவ கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டுரு” என்றான். பட்டறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். தனேஸ்வரன் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அவனுக்குத் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரியவில்லை, அப்பாவைப் பார்த்துச் சிரித்ததாகப் பட்டது. இனிமேல் போடமாட்டேன் என்று துளசியிடம் சொன்னான். சாமி படத்துக்கு முன்னால் நின்றுதான் சொன்னான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் லூமுட்டில் அடுப்பு எரிய வேண்டிய திங்கள். துளசி பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினாள். காரின் முன்மூடி திறந்திருந்தது. தனேஸ்வரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“கையக் காட்டுங்க.”

காட்டினான். நகம் வரைக்கும் மஞ்சள்.

“கொஞ்சம்தான், துளசி. பாதிக் கரண்டி. புதுக் குழாய் போட்டிருக்கான். அவன் இறுக்கினது எப்படியோ, நமக்குத் தெரியுமா? நடுவழியில நீ நிக்கக் கூடாதேன்னுதான்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் துளசிக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தில் போட்டிருந்தால் சண்டை போட்டு நிறுத்தியிருக்கலாம். அக்கறையில் போடுகிறவனை எப்படி நிறுத்துவது? அவள் பாசார் பையை மேசையில் வைத்தாள். நாலு சேலையும் வேலைக்குப் போடுகிற சட்டைகளும் ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, வேண்டுமானால் தங்கிக்கொள் என்று ஜெனட் சொல்லியிருந்தாள். சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் லூமுட்டில் இருக்கலாம்.

“ஒரு கரண்டி மஞ்சளுக்கு யாராவது வீட்ட விட்டுப் போவாங்களா?” என்றான் தனேஸ்வரன். “கேட்டா சிரிப்பாங்கலா.”

“மஞ்சளுக்குப் போகல. பொம்பள ஓட்டினா அப்படித்தான்னு காளியம்மாக்கா சொன்னப்ப நீங்களும் தலையாட்டினீங்க. மஞ்சளும் உங்க கைலதான் இருந்துச்சு.”

“நான் வேணும்னேயா செஞ்சேன்? எனக்கு எப்படித் தெரியும்?”

“இப்பத் தெரியும்ல. தெரிஞ்சும் போட்டீங்க.”

துளசி கார்ச் சாவியை அவன் கையில் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். காளியம்மா வேலியில் ஈரத் துணியைப் பிழிந்தபடி, பிழிந்த துணியையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டு நின்றாள்.

“எப்ப வருவ?” என்றான் தனேஸ்வரன்.

துளசி திரும்பி நின்றாள். “இந்தக் காரு கொதிக்காம லூமுட் வந்து சேருதான்னு பாருங்க. சேர்ந்துச்சுன்னா அதுலயே வந்து என்னக் கூட்டிக்கிட்டுப் போங்க. வாரேன்.”

கேட்டைச் சாத்திவிட்டு, வெயில் இறங்கிக்கொண்டிருந்த கல்லுமலைப் பக்கமாக, பெரிய சாலைக்கு நடந்தாள். தனேஸ்வரன் அவள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திறந்து கிடந்த முன்மூடிக்குள் பார்த்தான். உள்ளே போட்டதை எப்படி வெளியே எடுப்பது என்று அவன் அப்பா அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.