மலைமேல் மட்டும் பறந்த பந்து

என் மனைவியின் தம்பி ஆட்டத்தில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று எனக்கு முதலில் தோன்றியபோது நான் கடையில் இருந்தேன். அவன் அனுப்பிய ஆட்ட முடிவுகளை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவர் பிரேக் ஷூ கேட்டு நின்றார். நான் கிளட்ச் வயரை எடுத்துக் கொடுத்தேன்.

நாங்கள் ஆடியது கம்ப்யூட்டர் பேஸ்பால். எங்கள் ஊர் போடியில் பேஸ்பால் ஆடுகிற யாரையும் எனக்குத் தெரியாது. வேலைக்காக அமெரிக்காவில் சில வருஷம் இருந்தபோது பிடித்த பைத்தியம் அது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கு வந்து எங்கள் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டேன். பைத்தியம் மட்டும் விடவில்லை. மச்சினன் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். மழைக்காலத்தில் அங்கே பொழுது நகராது என்று புலம்புவான். அவனுக்கும் அதைப் பழக்கிவிட்டேன்.

அதில் நாம் மட்டை பிடிக்க வேண்டியதில்லை. அணியை அமைத்து, ஒவ்வொருவனுக்கும் திறமை இவ்வளவு என்று எண் கொடுத்தால் கம்ப்யூட்டரே ஆடி முடிவைச் சொல்லும். அந்த முடிவு நிஜ ஆட்டத்தில் வருவது போல வரவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. நிஜத்தில் நல்ல அடிகாரன்கூடப் பத்துக்கு ஏழு தடவை ஏமாந்துதான் திரும்புவான். எங்கள் ஆட்டத்திலோ ஆரம்பத்தில் எல்லாரும் விளாசித் தள்ளினார்கள். திறமையைக் குறைத்தோம், கூட்டினோம், பந்து வீசுகிறவனுக்குச் சீக்கிரம் களைப்பு வராத மாதிரி மாற்றினோம். பல வாரம் மல்லுக்கட்டி, கடைசியில் கணக்கு நிஜம் போலவே வந்தது.

அவன் அணிக்கு மலையின் பெயர், என் அணிக்கு ஊர்ப் பெயர். மீதி அணிகளுக்கு தேவாரம், சிலமலை, ராசிங்காபுரம் என்று சுற்றுவட்டார ஊர்ப் பெயர்கள். எல்லாமே அவன் லேப்டாப்பில் இருந்தது. ஒவ்வோர் அணிக்கும் சொந்த மைதானம் வைக்கலாம் என்று ஒருநாள் அவன் சொன்னான். சரி என்று போடி மைதானத்தின் அளவுகளை நானே சொல்லி அனுப்பினேன். வினை அதற்கப்புறம்தான் தொடங்கியது.

அவன் மைதானத்தில் அவனுடைய ஆட்கள் அடிக்கிற பந்தெல்லாம் சுவரைத் தாண்டிப் போனது. கிரிக்கெட் சிக்சர் மாதிரி அதற்கு ஹோம் ரன் என்று பெயர். அதுவரை தத்தித் தத்தி ஆடிய ஒரு நோஞ்சான்கூட அங்கே போனால் பயில்வான் ஆகிவிட்டான். என்னுடைய நல்ல பந்து வீச்சாளர்கள் அங்கே போய்ச் செத்துச் சுண்ணாம்பானார்கள். அதே நோஞ்சான் போடிக்கு வந்தால் பழையபடி நோஞ்சான்.

சொந்த மைதானத்தில் ஆடும்போது மட்டும் அவன் திறமையைக் கூட்டிவைக்கிறான், கீழே வரும்போது குறைத்துவிடுகிறான் என்று முடிவு கட்டினேன். ஆட்டத்தை மொத்தமாக எனக்கு அனுப்பு என்று கேட்டேன். நெட்டு சரியில்லை மச்சான் என்றான். மறுபடி கேட்டதற்குக் காய் எடுப்பு நேரம், சோலி அதிகம் என்றான். மலையில் நெட்டு கிடைக்காததும் பொய்யில்லை, காய் எடுப்பதும் பொய்யில்லை. ஆனால் எனக்கு எல்லாமே சாக்காகத்தான் பட்டது. அவன் அக்காவுக்கு ஏலக்காய் கொடுத்தனுப்பினான். வழக்கமாகக் கொடுப்பதுதான். என் வாயை அடைக்கத்தான் இது என்று நினைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க டீயில் ஏலக்காய் போட வேண்டாம் என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன். மெட்டில் இறங்கி, ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் தோட்டத்துக்குப் போனேன். அவன் குளிக்கப் போயிருந்தான். லேப்டாப் கட்டிலில் திறந்தபடி கிடந்தது. உட்கார்ந்து ஒவ்வோர் ஆளாகப் பார்த்தேன். அப்போது அவன் அணிக்குச் சொந்த மைதானத்தில்தான் அடுத்த ஆட்டம்; கூட்டிவைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். நோஞ்சானின் திறமை நாங்கள் கடைசியாக வைத்தபடியே இருந்தது. மற்றவர்களுடையதும் மாறவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னத்தைத் தேடுறீக மச்சான்?"

மழுப்ப வரவில்லை. "உன் மைதானத்துல மட்டும் பந்து எப்படி மாப்ளே பறக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

அவனுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து மைதானத்தின் விவரத்தைத் திறந்தான். சுவர் எவ்வளவு தூரம், புல்லா மண்ணா என்று கேட்டிருந்தவற்றுக்குக் கீழே, கடல்மட்டத்திலிருந்து உயரம் என்று ஒன்று இருந்தது. அவன் அதில் மெட்டின் உயரத்தையே போட்டிருந்தான். போடிக்கும் தேவாரத்துக்கும் அந்தந்த ஊர் உயரம். எல்லாம் நிஜமா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீக என்றான். உயரத்தில் காற்று லேசு, அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். அமெரிக்காவில் மலையூர் மைதானம் ஒன்றைப் பற்றி ஆபீஸில் இதையே பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த மைதானத்தில் என் ஆட்கள் அடித்ததையும் அவன் எடுத்துக் காட்டினான். அவர்களும் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் சுவரைத் தாண்டியிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்சுக்கு முந்தின பஸ்சில் மலையிறங்கினேன். வளைவுகளில் மனசு கொஞ்சம் லேசானது. அடிவாரம் வருவதற்குள், உயரம் போட்டால் பந்து பறக்கும் என்று அவனுக்கு நிஜமாகவே முன்னால் தெரியாதா, மைதான யோசனையே அவனுடையதுதானே என்று மறுபடி குடையத் தொடங்கிவிட்டது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவனும் ரெண்டு மாசமா இதேதான் சொல்லிக்கிட்டிருக்கான்," என்றாள். "போடி மைதானத்துல மட்டும் என் ஆளுக யாரும் அடிக்க மாட்டேங்குறாக, மச்சான் என்னமோ பண்ணிவச்சிருக்காரு, நீ கொஞ்சம் பாரு அக்கான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கும்னு சொன்னேன்."

இப்போதும் ஆடுகிறோம். மைதானங்கள் அப்படியே இருக்கின்றன. ஆட்டத்தின் நகல் ஒன்றை மட்டும் வாராவாரம் அவனே என் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடுகிறான். நான் அதைப் பிரித்துப் பார்க்கிறேனா என்று அவன் இதுவரை கேட்டதில்லை.