தடைக்குத் தப்பும் ரைபிள்

விம்பிள்டன் போகும் ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், தன்னை மலேசியத் தமிழர் என்றும் கணக்காளர் என்றும் அறிமுகம் செய்துகொண்டார். மெலிந்த விரல்கள், மடிப்புக் கலையாத சட்டை. தூரத்தில் இருப்பதை இடக்கண்ணை மூடித்தான் பார்த்தார். துப்பாக்கி சுடும் கிளப்பில் குறிபார்த்து வந்த பழக்கமாம். பிரிட்டனில் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்திருந்த நேரம். தன்னுடையதைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டு, ஒரு ரைபிள் வாங்க அலைந்துகொண்டிருந்தார்.

“ஒவ்வொரு தோட்டாவா கையால போடுறது ஒண்ணு இருக்கு. அடுத்த தடை வந்தாலும் அதைத் தொட மாட்டாங்க,” என்றார் சத்தமாக.

நான் பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். “மெல்லக் கதையுங்கோ.”

“இங்க யாருக்குத் தமிழ் புரியும்?” என்று சிரித்தார். “நீங்க யாழ்ப்பாணம்தானே? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. எது நல்லது?” கடையில் கத்தரிக்காய் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

“எனக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். கேட்ட உடன வீட்டில எல்லாரும் நிலத்தில படுத்திடுவம்.”

அவருடைய முகம் வாடிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

ரயில் நின்றது. நிலையத்தின் பெயரைப் பார்க்க இடக்கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான் இருந்தேன்.

என்னை அறியாமலே குனிந்துவிட்டேன்.