கை காட்டிய இடம்

அக்கா குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய நாளில் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஃபிஜியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர் ட்ராசாவில் நம் இந்திய ஜனங்கள் நாட்டைவிட்டுப் போய், எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாமும் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரரை நான் நச்சரிக்காத நாள் இல்லை. "நம்ம கரும்ப யாரு பாப்பா?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவரைக் கிளப்புவதைவிட எங்கள் மாட்டைக் கிளப்புவது சுலபம்.

நாந்தி விமான நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கரும்பு லாரிகள் இழுத்துவந்த சேறு ரோடெல்லாம் குழம்பிக் கிடந்தது. கரும்பு ரயிலின் தண்டவாளம் குறுக்கே வந்தால் வண்டியை நேராக்கி, ஊர்ந்துதான் கடப்பார். மழையில் சட்டென்று பிரேக் பிடிக்கவே மாட்டார். எனக்கோ பொறுக்கவில்லை.

"ஜல்தி போங்க. அக்கா உள்ள போயிடுவா."

"ராஸ்தா வழுக்குது. நெளியாம உக்காரு."

நான் நெளிந்துகொண்டேதான் இருந்தேன். அக்காவைக் கடைசியாக ஒரு தடவை பார்க்காமல் போய்விடுவேனோ என்று பயம்.

லோவு தாண்டி ஒரு வளைவு. திரும்பியதும் தகர டிரம்கள், சிப்பாய்கள். ஒருவன் கையைக் காட்டினான். இவர் கியரைக் குறைத்தார், பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தினார். வண்டி அவனைத் தாண்டி உருண்டது. பின்னால் சத்தம் போட்டார்கள். துப்பாக்கி என் முதுகைப் பார்ப்பதுபோலவே இருந்தது. நிறுத்துங்கள் என்று அவர் தோளைக் குத்தினேன். ஒரு லாரி நீளம் போய்த்தான் நின்றது.

அழுத்திப் பிடித்திருந்தால் வண்டி சறுக்கி உன் மேலேயே விழுந்திருக்கும் என்று இவர் அவனிடம் அவன் பேசும் ஃபிஜி மொழியிலேயே சொன்னார். அவன் கேட்கவில்லை. தான் கை காட்டிய இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னான். எங்கள் மகன் வயதுதான் இருக்கும் அவனுக்கு. இவர் தள்ளிக்கொண்டு போய் அந்த இடத்தில் மழையில் நின்றார். அவன் வேறு மூன்று வண்டிகளை அனுப்பிவிட்டு, அப்புறம் எங்களைப் போகச் சொன்னான்.

அதற்குப் பிறகும் அதே நிதானம்தான்.

நல்ல வேளை, அக்கா இன்னும் வெளியேதான் நின்றிருந்தாள். ஈரத்தோடு அவளைக் கட்டிக்கொண்டேன். என் தோளுக்குப் பின்னால் இவர் அக்கா வீட்டுக்காரரிடம் கேட்பது காதில் விழுந்தது.

"அண்ணே, ஒங்களுக்கு விசா வர எத்தன மாசம் ஆச்சு?"

இதைக் கேட்க வைக்கத்தான் அத்தனை நாள் மல்லுக்கட்டினேன். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் அசைக்க முடியாத மனுஷனை ஒரு பொடியன் அசைத்துவிட்டானே என்று ஆத்திரம்தான் வந்தது. அக்காவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.