நாற்பத்து மூன்றாவது முளைக்குச்சி

எங்கள் நுக்கரேனி கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் போய் ஒரு குவளை வைன் குடிக்காமல் எழுந்து வந்தால், அந்த வீட்டில் உங்களுக்கு அதன் பிறகு ஒரு காரியமும் நடக்காது. தொம்னிக்கா அக்காவுக்கோ வீடு வீடாகப் போய், நிலத்தில் குழாய் பதிக்கச் சம்மதக் கையெழுத்து வாங்குகிற வேலை. ஒரு நாளைக்கு ஏழு வீடு. அதனால்தான் எரிவாயுக் குழாய் பதிக்கும் கம்பெனி சம்பளத்தோடு ஒரு வண்டியையும் ஓட்டுநரையும் கொடுத்தது. அந்த ஓட்டுநர் நான், சாண்டு. ஊரே குடிக்கும்போது பதினான்கு மாதம் அடுப்போரம் உட்கார்ந்து பழச்சாறு குடித்த பாவி இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. குள்ளம், பூசின உடம்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இந்த வேலைக்கு முன் இருபத்திரண்டு வருடம் தபாலாபீசில் இருந்தவள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும் என்று பேரோடு சொல்வாள். எங்கள் நாட்டுக்கு அப்போதெல்லாம் எரிவாயு கிழக்கிலிருந்து ஒரே வழியாகத்தான் வந்தது. அந்தக் குழாயின் வால்வைப் பிடித்திருப்பவன் முகம் கோணினால் எங்கள் அடுப்பு அணையும். அப்படி ஒரு ஜனவரியில் அக்கா கம்பளிக் கையுறையோடு மூன்று நாள் தபால் முத்திரை குத்தினாள். அந்தக் கடுப்பு அவளுக்கு ஆறவே இல்லை. எல்லையில் ஓடும் புருத் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் எங்கள் மொழி பேசுகிற சனம்தான், பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். அங்கிருந்து எல்லை தாண்டி வந்து நின்ற குழாயைத் தலைநகர் வரைக்கும் நீட்டப்போகிறார்கள் என்றதும், வேலை கேட்டு முதல் ஆளாக நின்றவள் அவள்தான்.

கையெழுத்து கிடைப்பது கஷ்டமில்லை. கஷ்டம் மண்ணுக்குள் இருந்தது. இங்கே வீட்டைவிட, வைன் வைக்கிற நிலவறை பெரிது. பத்திரத்தில் நீளம் நாலு மீட்டர் என்றிருக்கும், உள்ளே போனால் பதினொன்று. திராட்சைக் கொடிகளை வெட்டச் சொன்ன மதுவிலக்குக் காலத்தில் ஊரே பெருச்சாளி மாதிரி தோண்டிப் பீப்பாய்களை ஒளித்தது. காலம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கேட்டால் எல்லோரும் "நாலு மீட்டர்தான்" என்பார்கள். அதை நம்பி மேலே நாற்பது டன் இயந்திரத்தை ஏற்றினால், ஓட்டுகிறவன் பீப்பாயோடு பீப்பாயாகக் கிடக்கவேண்டியதுதான்.

அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பனி கொட்டிய மறுநாள் காலையில் கிளம்பிவிடுவாள். நிலவறைக்கு மூச்சுத்துளை உண்டு. உள்ளிருந்து வரும் வெதுவெதுப்பில் அதைச் சுற்றிப் பனி வட்டமாக உருகியிருக்கும்.

"மாமா, தக்காளிப் பாத்தி நடுவுல வட்டமா உருகியிருக்கே?" என்று கிழவர் எரெமியாவிடம் கேட்டாள்.

"பூன படுத்திருக்கும்மா."

"பூனை இவ்வளவு கொதிச்சா நல்லதில்ல. டாக்டர்கிட்ட காட்டுங்க."

இப்படி நாற்பத்தொரு குடும்பம் ஒப்புக்கொண்டது. எல்லோருக்கும் அக்கா ஒரே வார்த்தையைத்தான் கொடுத்தாள். "உண்மையச் சொன்னா ஒரு தண்டனையும் இல்ல. கடைசி வரைக்கும் ஒளிச்சா, அந்தப் பேரை ஊர்க் கூட்டத்துல நானே வாசிப்பேன்."

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை இயந்திரம் வருவதாக இருந்தது. குழாய் போகும் வழியைக் காட்ட நட்ட சிவப்பு முளைக்குச்சிகளில் நாற்பத்து மூன்றாவது விக்கெந்தியின் திராட்சைத் தோட்டத்தில் இருந்தது. விக்கெந்தி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரன். வால்நட் மரத்துச் சருகு யார் முற்றத்தில் விழுவது என்று அவனுக்கும் அக்காவின் புருஷன் பஹோமிக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. "என் நிலத்தில் நிலவறை கிடையாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அந்த நிலத்தில், குச்சிக்கு இரண்டடி தள்ளி, பனியில் அழகான ஒரு வட்டம்.

"மாட்டினான்," என்று அக்கா குனிந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்போது ஓட்டைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தேவாலயத்தில் பாதிரியாரைப் பல்லைக் கடிக்க வைக்கும் குரல். ஊரில் அப்படிச் சுருதி தப்பிப் பாட ஒரே ஒருவரால்தான் முடியும்.

"அக்கா, அது..."

"தெரியுதுடா. முப்பத்திரண்டு வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன்." ஓட்டைக்கு வாயை வைத்து, "பஹோமி," என்றாள்.

பாட்டு நின்றது. "ஆண்டவரே?" என்று கீழிருந்து ஒரு நடுங்கிய குரல் கேட்டது.

"ஆண்டவரா இருந்தா மன்னிச்சிருப்பாரு. எங்க இருக்க?"

"நிலவறையில."

"யாரு நிலத்துக்குக் கீழ?"

கீழே பஹோமி தொண்டையைச் செருமினான்.

"நம்ம முற்றத்துலேருந்து தோண்டினது, வேலியத் தாண்டிப் போயிடுச்சு. உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

அக்கா நிமிர்ந்தாள். பூட்ஸ் காலால் பனியைத் தள்ளி அந்த ஓட்டையை மூடினாள். "வண்டிய எடு," என்றாள். எடுத்தேன். சாலையோரச் சிலுவையைத் தாண்டும்போது நான்தான் வாயைத் திறந்தேன், புத்தி கெட்டு.

"விட்டுடுங்கக்கா. நாலு பேர் நாலு விதமா சிரிப்பாங்க. குழாய் ரெண்டு அடி தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாது."

"செவ்வாய்க்கிழமை அந்த இயந்திரத்துல யாரு உக்காருவா?"

"மரின். ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன்."

"நேத்து என் வீட்ல சோளக்களி தின்னவன் அவன். வண்டியத் திருப்பு சாண்டு."

மறுநாள் தேவாலயம் விட்டதும் பண்பாட்டு மன்றத்தில் கூட்டம். அக்கா தாளை நீட்டிப் பிடித்து, தந்தி வாசிப்பது போல வாசித்தாள். "முளைக்குச்சி நாற்பத்து மூன்று. மறைக்கப்பட்ட நிலவறை ஒன்று. மறைத்தவர் பஹோமி. அவருடைய மனைவி, இதை வாசிக்கிறவள்."

 பின்வரிசையிலிருந்து எரெமியா கிழவர் எழுந்தார். "நல்லாப் பாத்தியா தாயி? பூனையா இருக்கப் போகுது."

மன்றமே குலுங்கியது. அக்காவின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது, ஆனால் உட்காரவில்லை. சிரித்து ஓயும் வரைக்கும் நின்றாள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. அவள் பேச்சைக் கேட்டு ஒப்புக்கொண்ட நாற்பத்தொரு குடும்பத்தில் ஒருவர்கூடக் கையெழுத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

விக்கெந்தி மட்டும் சிரிக்கவில்லை. தாளில் "நிலவறை உண்டு" என்று மாற்றி எழுதி அவன் மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் வேலை நகரும். "என் மண்ணுக்குக் கீழ இருக்கறது என் சொத்து. அதுக்கொரு நியாயம் சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கையெழுத்து இல்லையென்றால் மரின் இயந்திரத்தோடு சும்மா நிற்கவேண்டும். தொம்னிக்கா வீட்டால் குழாய் நின்றது என்று ஆற்றின் இரண்டு கரையிலும் பேசுவார்கள்.

அந்த நிலவறையை மண் போட்டு நிரப்பிவிட வேண்டும் என்றார் பொறியாளர். உள்ளே அறுநூறு லிட்டர் பீப்பாய் இருந்தது. அதை உள்ளேயே வைத்துச் செய்திருந்தார்கள், வாசல் வழியாக வெளியே வராது. ஆக, வைன்தான் வெளியே வரவேண்டும். திங்கட்கிழமை காலையிலிருந்து ஊர் மூன்று லிட்டர் ஜாடிகளோடு வரிசையில் நின்றது. பொறியாளரும் நின்றார். பாதிரியார் இரண்டு ஜாடி கொண்டுவந்தார்.

விக்கெந்தி பஹோமியின் முற்றத்தில் காலை வைக்க மாட்டேன் என்றான். தன் தோட்டத்தில், மூச்சுத்துளைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கயிற்றில் ஒரு தகரக் குவளையைக் கட்டிக் கீழே இறக்கினான். "என் நிலத்துலேருந்து நான் இறைக்கிறேன்," என்றான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம்.

முதல் இரண்டு குவளையைக் கீழே இருந்த பஹோமி நிரப்பி மட்டும் அனுப்பினான். மூன்றாவது குவளையில், "நுரையோட போகுது, பாத்துத் தூக்கு," என்று சொன்னான். ஆறாவது குவளையில் வால்நட் மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் நான் பார்த்தபோது முக்காலி காலியாக இருந்தது. ஓட்டைக்குள் இரண்டு குரல் பாடின, இரண்டுமே சுருதி தப்பி.

அக்கா என் வண்டிக்கு வந்து கையை நீட்டினாள். "சாவியக் குடு."

"நீங்களும் குடிச்சிருப்பீங்களே அக்கா?"

"ஒரு சொட்டு தொடல. குடிச்சா நல்லா இருக்குன்னு சொல்ல வேண்டி வரும். அந்த மனுஷனுக்கு அவ்வளவு சீக்கிரம் அது கிடைக்கக் கூடாது." சாவியை வாங்கிக்கொண்டு ஒரு குவளையை என் கையில் வைத்தாள். பதினான்கு மாதம் கழித்து என் தொண்டையில் இறங்கியது. நல்லா இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அதற்குள் அவள் மூச்சுத்துளைக்குப் போய்விட்டாள். தாளைச் சுருட்டி, பேனாவோடு தகரக் குவளைக்குள் செருகி, கயிற்றைக் கீழே விட்டாள். "விக்கெந்தி அண்ணே, வெளக்கு வெளிச்சத்துல நிதானமா எழுதுங்க."

பாட்டு நின்றது. யாரோ விக்கினார்கள். கயிறு இரண்டு தரம் ஆடியது. மேலே இழுத்தாள்.

அந்தத் தாள் இன்றும் தலைநகரில் கோப்பில் இருக்கிறது. "நிலவறை உண்டு, நல்ல நிலவறை" என்று கோணலான எழுத்து, கீழே கையெழுத்து, பக்கத்தில் வட்டமாக ஒரு சிவப்புக் கறை. அலுவலக முத்திரை என்று நினைத்திருப்பார்கள், இதுவரை யாரும் கேட்கவில்லை.