கருவேல மரத்தடியில் நின்ற ஆம்புலன்ஸ்

போன வருடம் கார்த்திகை மாதம், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் களையெடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். ஆம்புலன்ஸில் முதலுதவி செய்வது என் வேலை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு ராமநாதபுரத்தில் எங்களுக்கும் போலீஸாருக்கும் சேர்த்து ஒரு பயிற்சி நடந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நடித்துக் காட்டச் சொன்னபோது, "அங்கன தனியா எதுக்குப் போனீங்க?" என்றுதான் நான் ஆரம்பித்தேன். பாதிக்கப்பட்டவராக நடித்த பயிற்சியாளர் அத்தோடு வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முன்பு ஒரு பெண்ணிடம் நிஜமாகவே இதைக் கேட்டிருக்கிறேன். அவர், "ஒண்ணுமில்ல, வரப்புல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

களையெடுப்பு நேரத்தில் ஒரு நாள் மதியம் மயக்கம் என்றுதான் அழைப்பு வந்தது. வயலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வண்டி கிளம்பியதும் தலையைத் தூக்காமலே ஒரே வரியில் சொன்னார். களையெடுக்கக் கூப்பிட்ட ஆளே அவரைக் கெடுத்துவிட்டான்.

ஏன் கத்தவில்லை என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நீங்க சொல்றத நம்புறேன்க்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

நாடி பார்க்கலாமா என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே கையைத் தொட்டேன். கழுவிக்கொள்ளத் தண்ணீர் கேட்டார். கழுவினால் தடயம் போய்விடும், ஆனால் முடிவு உங்களுடையது என்று சொல்லி பாட்டிலைக் கொடுத்தேன். திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். திடீரென்று, "வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. நான் எறங்குறேன்" என்றார்.

இறங்கிப் போய்விட்டால்? ஏதாவது செய்துகொண்டால்? பிடித்து உட்கார வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒருவன் அவர் விருப்பத்தை மீறியிருக்கிறான். நிறுத்தச் சொன்னேன். டிரைவர் அண்ணன் ஒரு கருவேல மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அந்தப் பெண் ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்தார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்க ஆபீஸிலிருந்து என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "பொம்பளைப் போலீசுதான் விசாரிப்பாகளா?"

"ஆமாக்கா. நீங்க போகச் சொல்ற வரைக்கும் நானும் கூடவே இருப்பேன்."

"அப்பச் சரி, போவோம்."

ஆஸ்பத்திரியில் பெண் அதிகாரியிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. இரண்டு நாளில் அவனைப் பிடித்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் போய் நிற்கிறார் என்று கேள்விப்படுகிறேன்.

சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை என்று இத்தனை வருடம் நினைத்திருந்த எனக்கு, ஒருவர் தானாக எழுந்து வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அதே வேலைதான் என்பது அந்த ரோட்டோரத்தில்தான் புரிந்தது.